ஆறு தட்டுகள்

"அந்த நாற்காலியை அங்க போடாத. அதுல உக்காந்தா சமையலறை தெரியாது. தெரியலைன்னா அத்தை நாலு தரம் எழுந்து வந்து எட்டிப் பாப்பாங்க."

சொன்னவள் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். துணிக்கடையில் வேலை. பண்டிகை வியாபாரத்துக்காக மூன்று நாளாக நின்றதில் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

சின்னவள் நாற்காலியை மாற்றிப் போட்டாள். "போன் பண்ணினதும் வந்துட்டீங்களேக்கா, இந்தக் காலோட."

"போன தடவை நடந்ததைச் சொன்னியே. அதுக்கப்புறம் வராம எப்படி?"

போன தடவை பாதிச் சாப்பாட்டில் மாமியார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பின்னாலேயே நாத்தனாரும் அவள் கணவரும் எழுந்தார்கள். அப்புறம் வீடு முழுக்கச் சத்தம்தான். எட்டு வயதுக் குட்டி அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. இன்று அதே ஆட்கள் மறுபடி வருகிறார்கள். அவர்களை அழைத்துவர, குட்டியையும் கூட்டிக்கொண்டு சின்னவளின் கணவர் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார்.

"டம்ளர்ல இப்பவே தண்ணி ஊத்தாத. அவங்க உக்காந்தப்புறம் கண் முன்னால ஊத்து. இல்லைன்னா தூசி விழுந்துடுச்சும்பாங்க."

"சரிக்கா."

"உப்பைக் கைக்கு எட்டுற இடத்துல வை. ருசி பாக்காமலே அள்ளிப் போட்டுக்குவாங்க. உன் சமையலைக் குத்திக் காட்டுறாங்கன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. அது கைப்பழக்கம்."

"இவர் ஏதாச்சும் பேசினா பரவாயில்லை..."

"உன் வீட்டுக்காரரா? குழம்புல எதையோ தொலைச்ச மாதிரி தட்டையே பாத்துக்கிட்டிருப்பார். அவரை நம்பி வாயைத் திறந்துடாத."

சின்னவள் பயத்தை மறந்து சிரித்துவிட்டாள். "அடேயப்பா! உங்களுக்கு ஒரு பட்டமே கொடுக்கலாம்கா."

"பதினோரு வருஷம் படிச்சேன். பாஸாகலையே."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். மாமியாரின் இடத்துக்கு நேர் எதிரே இருந்த சின்னத் தட்டை எடுத்தாள். ஈரம் இருந்தது. முந்தானையால் துடைத்து, சின்னவளின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"குட்டியை எதிர்ல உக்கார வைக்காத. யாராச்சும் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா அவளுக்குத் தொண்டையில இறங்காது. பரிமாறும்போது முதல்ல அவளுக்கு வை. பேச்சு தடிக்கிறதுக்குள்ள நாலு வாய் உள்ள போயிடும்."

சின்னவள் அலமாரியிலிருந்து ஏழாவதாக ஒரு தட்டை எடுத்தாள். "நீங்களும் இருங்கக்கா. எல்லாரையும் பாத்துக்கலாம்."

"நல்லா இருக்கு! நான் உக்காந்தா ஒருத்தரும் சாப்பிட மாட்டாங்க. எனக்குப் போய்ப் படுத்தா போதும்."

வாசலில் கார் வந்து நின்றது. கதவுகளை அறைந்து சாத்தும் சத்தம். எல்லாவற்றையும் முந்திக்கொண்டு குட்டியின் குரல்.

அவள் பையை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

"ஒரு நிமிஷம்கா! குட்டியை மட்டும் இங்க கூட்டிட்டு வரேன், பாத்துட்டுப் போங்க."

"வேணாம்மா." வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு வியாழக்கிழமை. என் மகளைப் பாக்க கோர்ட்டு எனக்குக் கொடுத்திருக்கிறது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்."