கைப்பிடியில் சாம்பல்

"குளிர்ல நடுங்கிக்கிட்டு வந்து கேட்டாக்கூட நெருப்பு குடுக்கக் கூடாதாம்மா?" போன வருடம் இதே மே முதல் நாளில் மகள் எய்லீஷ் கேட்டாள்.

கூடாது. இன்று நெருப்பு வெளியே போனால், அந்த வருடத்து வெண்ணெயும் அதோடு போய்விடும். தாய் நாப்லா அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

மே நாள் வழக்கப்படி தூவிய மஞ்சள் பூக்கள் வாசற்படியில் கிடந்தன. வெளியே மூடுபனி. மலையும் இல்லை, பாதையும் இல்லை.

இன்று விடிந்ததிலிருந்து நாப்லா கடைந்துகொண்டிருந்தாள். வெண்ணெய் திரளவில்லை. இருந்தது ஒரே பசு. நான்கு பிள்ளைகளின் குளிர்காலம் அந்த மரத்தாழிக்குள் இருந்தது.

"இன்னிக்கு எவ நெருப்பு கேட்டு வர்றாளோ, அவதான் நம்ம வெண்ணெயத் திருடுறவ. பாத்துக்கோ." கணவன் டோனல் சொல்லிவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போயிருந்தான்.

பாதி உயரக் கதவுக்கு மேல் ஒரு முகம் தெரிந்தது. பக்கத்துக் குடிசை கொப்னட். இடுப்பில் அவள் குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

"உன் வேலையைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும், நாப்லா. கூரை ஒழுகி அடுப்பு அணைஞ்சு போச்சுடி. ஒரே ஒரு கங்கு..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, என்ன நாள்னே மறந்துட்டேன். விடு."

கடைகிற வீட்டுக்குள் வருகிற யாரும் மத்தில் ஒரு கை போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். நெருப்புக் கேட்டு வந்தவளின் கை மத்தில் படக்கூடாதென்று நாப்லா அவளை உள்ளே கூப்பிடவில்லை.

குழந்தை மறுபடி இருமியது.

கொடுக்கத்தானே கூடாது?

நாப்லா இடுக்கியை எடுத்துக் கணப்பின் ஓரத்தில் வைத்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"நான் ஊத்துக்குப் போறேன். வர நேரமாகும். கதவு தெறந்துதான் கெடக்கும், கொப்னட்."

ஊற்றருகே மூன்று முறை ஜெபம் சொன்னாள். வாளியை நிரப்பி, கவிழ்த்து, மறுபடி நிரப்பினாள். வீடு இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பனிக்குள் எங்கோ 'தொப், தொப்' என்று ஏதோ கேட்டதுபோல் இருந்தது. தன் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறது என்று நினைத்தாள்.

திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. கணப்பில் ஒரு கங்கு கிடந்த இடம் குழிந்திருந்தது. இடுக்கி வைத்த இடத்திலேயே இருந்தது.

பயந்துகொண்டே தாழியின் மூடியைத் தூக்கினாள்.

மஞ்சள் மஞ்சளாய், மணி மணியாய் வெண்ணெய் மிதந்தது.

மத்தின் கைப்பிடியில் சாம்பலாய்ப் பதிந்த ஐந்து விரல் தடங்கள். அவற்றுக்குக் கீழே, மிகச் சின்னதாய், இன்னும் ஐந்து.

வயல் பக்கமிருந்து டோனலின் சீட்டி கேட்டது.

நாப்லா உடுப்பின் நுனியால் கைப்பிடியை மெல்லத் துடைத்தாள்.