செருப்பு அலமாரி மேல் ஒரு பச்சை விளக்கு

செருப்பு அலமாரியின் மேல் இருக்கும் கறுப்புப் பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டத் தொடங்குகிறது. துணி மடித்துக்கொண்டிருக்கும் அக்காவின் கை அப்படியே நிற்கிறது. பெட்டி தங்கையுடையது. கடல் தாண்டி வாழும் அவளும் அவள் கணவரும் போனில் எடுக்கும் படமெல்லாம் அவர்கள் வீட்டுச் சேமிப்புப் பெட்டிக்குப் போகும். அந்த வீட்டுக்கு என்ன ஆனாலும் படங்களாவது தப்பிக்கட்டும் என்று உடனே ஒரு நகல் இணையம் வழியே இந்தப் பெட்டிக்கு வந்து சேரும். பூட்டிய நகல், இங்கே யாராலும் திறந்து பார்க்க முடியாது. புதிதாக ஏதாவது வந்தால்தான் விளக்கு சிமிட்டும். தங்கை நேற்றே பிரசவ அறைக்குள் போய்விட்டாள். காலையிலிருந்து மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. “என்னங்க, இங்க வாங்களேன்.” கணவர் பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு வந்து எட்டிப் பார்க்கிறார். “நெட்டு ஏதோ மக்கர் பண்ணுது போல.” “இல்லங்க. படமா வந்துக்கிட்டே இருக்கு, நிக்கவே மாட்டேங்குது பாருங்க.” சன்னல் வெயில் பெட்டியின் மேல் கோடு கோடாக விழுகிறது. உள்ளே ஏதோ சுழலும் மெல்லிய முனகல். இருவரும் செருப்புகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். நுரை அவர் கழுத்தில் வழிகிறது. தன்னையறியாமல் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: “பையனா, பொண்ணா?” அவள் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் மேல் மெல்ல வைக்கிறாள். வெதுவெதுப்பாக இருக்கிறது. “தெரியலங்க,” என்கிறாள், கையை எடுக்காமல். “ஆனா வந்தாச்சு.”