எதிர்த்தரப்பு

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் அந்த நகரமன்றத்தில் வெர்னனைப் பேச அழைத்ததுமே கூட்டம் சிரித்தது. வரிப்பணத்தில் நகர ரயில் கூடாது என்று எட்டு வருடமாக வாதாடுபவர் அவர். வேண்டும் என்று அவரோடு மல்லுக்கு நிற்கும் லொரெட்டாவை இன்று காணோம்.

"ரயில் விடுங்க" என்றார் வெர்னன்.

"என்ன பெருசு, லொரெட்டா வரலன்னதும் கட்சி மாறிட்டியா?" என்றான் ஒருவன்.

"கூட்டம் முடியறதுக்குள்ள கடைசி பஸ் போயிடும். ஒவ்வொரு தடவையும் நான்தான் அவளை என் வண்டியில வீட்ல விடுவேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே வருவா."

அவர் மைக்கை அருகில் இழுத்துக்கொண்டார்.

"போன வாரக் கூட்டத்தப்ப எனக்குக் காய்ச்சல், வரல. பனியில ரோட்டோரமா நடந்திருக்கா. லாரிக்காரன் பார்க்கல. நேத்துதான் அடக்கம் பண்ணோம்."

வெர்னன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்குப் பேசக் கொடுத்த மூணு நிமிஷத்துல ரெண்டு மிச்சமிருக்கு. அதை லொரெட்டாவுக்குக் கொடுத்துடறேன்" என்று சொல்லி, வெர்னன் தொப்பியைக் கழற்றிவிட்டு மைக் முன்னால் பேசாமல் நின்றார்.