கொக்கா, நாரையா?

“வாயை நல்லாத் திறங்கம்மா.”

நாற்காலியில் சாய்ந்திருந்த பெண் வாயைத் திறக்கவில்லை. மடியிலிருந்த கைப்பையைத்தான் திறந்தாள்.

“பல்லுக்கு ஒண்ணுமில்ல டாக்டர். உங்களைத் தனியாப் பார்க்க வேற வழி தெரியல, டோக்கன் வாங்கி உட்கார்ந்துட்டேன். ஒரு படகை அடையாளம் சொல்லணும்.”

டாக்டரின் முகம் மலர்ந்தது. ஊரில் அவருக்கு ‘இழுவை டாக்டர்’ என்று பெயர். பல்லைப் பிடுங்குவதால் வந்ததல்ல. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவந்த பழைய இழுவைப் படகுகளின் படம் எங்கே கிடைத்தாலும், அது எந்தப் படகு, எப்போது வந்தது, எங்கே போய் உடைபட்டது என்று ஜாதகமே எழுதிவிடுவார். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவும் மாட்டார். பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

“கொடுங்க, கொடுங்க” என்று விளக்கை இழுத்துப் படத்தின்மேல் திருப்பியவர், அப்படியே நின்றார்.

அவருக்கு நன்றாகத் தெரிந்த படம். படகின் கம்பியைப் பிடித்தபடி சிரிக்கும் ஓர் இளைஞன், இன்ஜின் டிரைவர் சட்டையில். போன மாதம் ஞாயிறு மலரில் அவர் எழுதிய கட்டுரையில் வந்தது இதேதான்.

‘நாரை’ என்ற இழுவைப் படகு மூழ்கிய கதை அது. இன்ஜின் டிரைவர் கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடாமல் கரைக்குப் போய்விட்டார். கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கி, உள்ளே படுத்திருந்த இரண்டு பேர் செத்துப்போனார்கள். அந்த டிரைவர் யாரென்று வெளியே வரவே இல்லை. டாக்டர்தான் கண்டுபிடித்தார். அவரிடமிருந்த படத்தின் பின்புறம் படகு மூழ்கிய நாளின் தேதி இருந்தது. படத்திலிருப்பது நாரைதான் என்று விளக்கி, ‘அன்று பணியிலிருந்தவர் இவரே’ என்று போட்டுவிட்டார்.

“இந்தப் படம் உங்களுக்கு எங்க கிடைச்சது?”

“எங்கப்பாவோட டிரங்குப் பெட்டியில.” அவள் கைக்குட்டையை விரலில் சுற்றினாள். “பேப்பர்ல படத்தைப் பார்த்ததும் தெருவே அவரை அடையாளம் கண்டுடுச்சு. இப்போ அவர் வாசக்கதவைக்கூடத் திறக்கறதில்ல. சுவத்துல கரியால என்னென்னமோ எழுதறாங்க. அந்த வயசுல குனிஞ்சு உட்கார்ந்து அவரே தேய்ச்சு அழிக்கறார்.”

“அவர் ஒண்ணும் சொல்லலையா?”

“‘நான் அன்னிக்குக் கொக்குல இருந்தேன்’னு மட்டும் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அதோட பேசறதையே விட்டுட்டார்.”

கொக்கும் நாரையும் ஒரே பட்டறையில் கட்டிய ஜோடிப் படகுகள்.

“ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்கம்மா. ஒரே ஒரு வித்தியாசம்தான். சங்கு ஊதற குழாய் புகைபோக்கிக்கு இடப்பக்கம் இருந்தா நாரை, வலப்பக்கம் இருந்தா கொக்கு. என்கிட்ட இருக்கற படத்துல...”

இழுவை டாக்டரின் பேச்சு பாதியில் நின்றது. அவள் கொண்டுவந்த படத்தில் குழாய் வலப்பக்கம் இருந்தது.

அலமாரியிலிருந்து தன் படத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அதே சிரிப்பு, அதே மேகம், அதே கயிற்றுச் சுருள். ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாமே பக்கம் மாறியிருந்தன. இரண்டில் ஒன்று, ஃபிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடித்தது. எது?

பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். படகில் பார்க்க இனி ஒன்றும் மிச்சமில்லை. அப்போதுதான் முதல்முறையாக அந்த மனிதனைப் பார்த்தார். அவளுடைய படத்தில் சட்டைப் பை இடது மார்பில் இருந்தது, எல்லோருக்கும் இருப்பதுபோல. அவருடைய படத்தில் வலது மார்பில்.

உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

“திருப்பி அடிச்ச படம் என்னோடதும்மா. இது கொக்குதான். அவர் சொன்னது நிஜம்.”

“நிச்சயமாவா டாக்டர்? கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லையா?”

“இல்ல.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள். இமைகளைத் தாண்டி நீர் வழிந்தது. நிம்மதியில் அழுகிறாள் என்று டாக்டர் நினைத்தார். அது அவரை இன்னும் குன்றவைத்தது. கட்டுரை வந்த அன்று எத்தனை பேர் கைகுலுக்கினார்கள்! அத்தனை கைகளையும் சிரித்துக்கொண்டே பற்றிக்கொண்டாரே! சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தக் கட்டுரைப் பக்கத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்தார்.

“புகைபோக்கியை அளந்தேன். குழாயைப் பார்த்தேன். நிக்கற மனுஷனைப் பார்க்கத் தோணல. ஒரு பாவமும் அறியாதவர் தலையில ரெண்டு சாவைத் தூக்கி வச்சுட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமையே தப்பு என்னோடதுன்னு எழுதறேன். அதுக்கு முன்னாடி என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. உங்கப்பா கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கறேன்.”

“எங்கப்பா செத்து ரொம்ப வருஷமாச்சு டாக்டர்.”

டாக்டர் திகைத்தார். “அப்போ, படத்துல இருக்கறவர்?”

“எதிர்வீட்டுக்காரர். அப்பாவோட சிநேகிதர்.” அவளால் தலைநிமிர முடியவில்லை. “அந்த ரெண்டு படகையும் மாத்தி மாத்தி ஓட்டினவங்க இவரும் எங்கப்பாவும்தான். ஒருத்தர் கொக்குல இருந்தா இன்னொருத்தர் நாரையில. என்னைத் தெரு ஏசிடக்கூடாதுன்னுதான் அவர் வாயை மூடிக்கிட்டு இருக்கார். நானோ, நீங்க எழுதினதே நிஜமா இருந்துடாதான்னு வேண்டிக்கிட்டு வந்தேன் டாக்டர்.”