இடது பெடல்

நாலு பழைய சைக்கிள்களின் பாகங்களைச் சேர்த்துக் கூடத்தில் ஒரு புது சைக்கிள் உருவாகிக்கொண்டிருந்தது. புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், வலது பெடல் தண்டு நீளம், இடது குட்டை! ஜோடி கிடைக்கலையா?"

"அளவெடுத்து, தேடிப் பிடிச்சுத்தான் மாட்டினேன்."

"நல்லா அளந்தீங்க போங்க! இதை மிதிக்கிறவன் நொண்டியடிக்க வேண்டியதுதான்."

சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தவர் பிரேக்கை மூன்றாவது முறையாக அழுத்திப் பார்த்தார்.

அவருடைய தம்பி, குட்டையான இடது காலை இழுத்தபடி உள்ளே வந்தார். எதிர்வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றது.

தம்பி ஏறி மிதித்துப் பார்த்தார். "கால் சரியா எட்டுதுண்ணா. எனக்கு முதல்ல பண்ணிக்கொடுத்து, நான் விழுந்தேனே, அந்த சைக்கிள் மாதிரி, இதுலயும் பிரேக் முடுக்க மறந்துடலியே?"

அண்ணன் ஸ்பானரைத் தம்பியிடமே நீட்டினார்.

"நீயே முடுக்கிடுப்பா. என் கையை நான் நம்பி எட்டு வருஷமாச்சு."