நெஞ்சில் எழுதிய சிங்கம்

"இவ முகத்துக்கு நேரா சொல்லுங்க டாக்டர், பிள்ளைக்கு அம்மை இவ வீட்டுலேர்ந்துதான் வந்துச்சுன்னு!"

பண்டமாரான் ஊர்க் கிளினிக்கே அதிரும்படி கத்தினான் நாகேந்திரன். எட்டு மாதக் குழந்தை அவன் மார்பில் சாய்ந்து சிணுங்கியது. பகலில் அதைப் பார்த்துக்கொள்ளும் புனிதாவையும் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தான்.

"நான் பாத்துக்கிற மத்த ரெண்டு பிள்ளைங்களும் நல்லாத்தான் இருக்குதுங்க அண்ணே."

"வாயை மூடு! இனிமே என் பிள்ளைய நீ தொடவே கூடாது."

டாக்டர் மார்க்கிரட் குழந்தையின் கொப்புளங்களைப் பார்த்தார். "சின்னம்மைதான். உங்க வீட்டுல யாருக்காவது வந்துச்சா?"

"யாருக்கும் இல்ல. எனக்கு ஏழு வயசுலயே வந்து போயிருச்சு."

குழந்தை வீறிட்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தது. பொத்தான் தெறித்தது. மார்பின் ஒரு பக்கத்தில் காவியால் வரைந்த சிங்கம் தெரிந்தது.

"இது என்ன?"

"அக்கி டாக்டர். மூணு வாரமா எரியுது. சிங்கம் எழுதினா ஆறிரும்னு கிள்ளான்ல ஒருத்தர்கிட்ட எழுதிக்கிட்டேன். அம்மை வேற, அக்கி வேற லா."

"ரெண்டும் ஒரே கிருமி. ஏழு வயசுல வந்தது போகவே இல்ல, உங்க நரம்புக்குள்ள பதுங்கி இருந்துச்சு. உடம்புல எதிர்ப்புச் சக்தி குறைஞ்சதும் அக்கியா வெளிய வந்திருக்கு. கொப்புளத் தண்ணி பட்டா குழந்தைக்கு அம்மை போடும். தினமும் எங்க போட்டுத் தூங்க வைக்கிறீங்க?"



அழுது ஓய்ந்த குழந்தை, பழகிய இடம் என்பதுபோல அந்தச் சிங்கத்தின் மேலேயே கன்னத்தை வைத்துக்கொண்டது.