எக்ஸ்ரே அறைக் கதவில் ஒரு வசனம்

பயப்பட வேண்டாம், மறைந்திருப்பது எதுவும் வெளிப்படாமல் போகாது என்ற வேத வசனத்தைக் கதவில் ஒட்டியிருந்ததே எக்ஸ்ரே எடுக்கும் அக்காதான். அதைப் படித்துவிட்டு, நெஞ்சைப் படம் எடுக்க வந்த, மனைவியை இழந்த டிரைவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“உள்ள என்ன இருக்கோன்னு பயமா இருக்கும்மா.”

“வசனத்துல வார்த்தை வரிசையைப் பாருங்கய்யா. பயப்படாதன்னு சொல்லிட்டுத்தான் மறைஞ்சது வெளிய வரும்ங்குது. வரப்போறது பயப்படுற மாதிரியா இருக்கும்?”

மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். படத்தில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. அவர் தோளின் மேல் வேறொரு கையின் விரல் எலும்புகள் பதிந்திருந்தன. ஒன்றில் மோதிரம். அறையில் அவர் தனியாகத்தான் நின்றிருந்தார்.

டிரைவர் கூர்ந்து பார்த்தார். “கழட்டாமத்தான் அடக்கம் பண்ணோம்,” என்றார்.

அக்கா அசரவில்லை, படத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தாள். வெளியே பெஞ்சு முழுக்கக் காலியாகக் கிடந்தும், அவர் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார்.